முன்பல் நிறத்தில் ஒரு சக்கரம்

அவள் என்னிடம் முதன்முதலாகக் கேட்டது ஒரு கார் சக்கரம். நானோ பல் செய்கிறவன். எங்கள் கல்யாணக் கதையை யார் கேட்டாலும் இங்கிருந்துதான் தொடங்குவேன். அவள் குறுக்கே புகுந்து, அதற்கு முன்பே போடி பஸ்ஸில் இரண்டு தடவை பார்த்திருக்கிறோம் என்பாள். அதெல்லாம் சேர்த்தியில்லை.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. தேனியில் பெரியகுளம் சாலையில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் எனக்கு வேலை. டாக்டர் ஆட்களின் வாயில் அச்சு எடுத்து உள்ளே அனுப்புவார். நான் அதில் பிளாஸ்டர் ஊற்றி அந்த வாயை அப்படியே வார்த்து, அதற்குப் பொருந்தப் பல்செட் கட்டிக் கொடுப்பேன். ஆட்களைப் பார்க்க மாட்டேன், வாய்களை மட்டும் தெரியும். கடைத்தெருவில் எதிரே வருகிறவர் சிரித்தால், மேல்வரிசை நம்ம சரக்கு என்று எனக்குள்ளே பெருமைப்பட்டுக்கொண்டு போவேன். வெளியே சொல்லக் கூடாது. பல்செட் விஷயத்தில் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் அவ்வளவு ரோஷக்காரர்கள்.

அவள் பக்கத்து ஸ்டூடியோவில் டச்சிங் வேலை பார்த்தாள். கல்யாணப் படங்களில் மாப்பிள்ளை முகத்துப் பருவையும் தழும்பையும் முடி கனத்தில் இருக்கும் பிரஷ்ஷால் மறைப்பது அவள் தொழில். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் அறை வாசலில் ஒரு தீப்பெட்டியோடு வந்து நின்றாள். பெட்டியைத் தள்ளித் திறந்தாள். பஞ்சுக்கு நடுவே ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. ஒரு ரூபாய்க் காசு அளவுதான், ஆனால் ஆரக்கால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

"இதே மாதிரி இன்னொண்ணு வேணும். மனுசப் பல்லுக்கே அச்சு எடுக்குறீக. இதுக்கு எடுக்க மாட்டீகளா?"

எடுக்கலாமே என்றேன். எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவள் ரயில் இன்ஜினுக்கு அச்சு கேட்டிருந்தாலும் எடுக்கலாமே என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவளுடைய அப்பா போடியில் ஏலக்காய் வியாபாரி. மலைமேல் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது அங்கிருந்த தேக்கு பீரோக்களை மொத்தமாக எடுத்து வந்திருக்கிறார். ஒரு பீரோவின் அடித்தட்டில் மூன்று அட்டைப்பெட்டிகள் கிடந்தன. உள்ளே, நாமே சேர்த்து ஒட்டுகிற பழங்காலக் கார் மாடல்கள். சீமைச் சரக்கு, எங்கள் இருவரையும்விட மூத்தவை. பிளாஸ்டிக் சட்டத்தில் பாகங்கள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை நறுக்கி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்தால் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் கார் வந்துவிடும். எனக்கு எதுக்கு இந்தக் குப்பை என்று அப்பா மகளிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். அவள் விடவில்லை.

முதல் பெட்டியில் இருந்த காரை எந்தக் காலத்திலோ யாரோ பசையை அப்பி, பட்டையாகப் பெயின்ட் அடித்துக் கெடுத்து வைத்திருந்தார்கள். அவள் அதை ஊறுகாய் ஜாடியில் பிரேக் ஆயில் ஊற்றி இரண்டு நாள் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்துப் பெயின்ட் மொத்தத்தையும் உரித்தாள். பிறகு ஐஸ்பெட்டியில் வைத்து எடுத்துத் தட்டினால் பழைய பசை விட்டுக்கொடுத்து, பாகம் பாகமாகப் பிரிந்து வந்ததாம். திரும்ப முதலிலிருந்து கட்டினாள். இரண்டாவது பெட்டியையும் முடித்தாள். மூன்றாவதுதான் பெரிய கார், மூடின கூரை, நீண்ட மூக்கு. அதில்தான் ஒரு சக்கரம், ஒரு விளக்கு, முன்பக்கக் கம்பிச் சட்டம் எல்லாம் தொலைந்திருந்தன.

நான் அச்செடுக்கிற சிலிக்கோனைப் பிசைந்து சக்கரத்தை அதில் அமுக்கினேன். அச்சு அருமையாக விழுந்தது. அதில் ஊற்ற என்னிடம் இருந்தது பல்செட் மாவு மட்டும்தான். அவசரத்தில் ஈறுக்குப் போடும் மாவை ஊற்றிவிட்டேன். சக்கரம் ரோஸ் நிறத்தில் வெளியே வந்தது. அவள் சிரித்த சிரிப்பில், முன்னறையில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். சரி, பல் நிற மாவில் செய்கிறேன் என்று ஷேடு கார்டை எடுத்தேன். அதில் பல்லின் நிறங்கள் வெள்ளையிலிருந்து பழுப்பு வரை வரிசையாக இருக்கும், ஆளின் வயதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்போம்.

காருக்கு என்ன வயசு என்று கேட்டேன்.

"எழுவது இருக்கும்."

"வெத்தல போடுமா?"

அவ்வளவுதான். மறுபடி சிரிப்பு. அந்த நிமிஷமே நான் காலி. சக்கரம் முன்பல் நிறத்தில் தயாரானது. அவள் அதன்மேல் கறுப்பும் வெள்ளியும் தீட்டி மற்ற மூன்றோடு சேர்த்து வைத்தபோது எது நான் செய்தது என்று எனக்கே தெரியவில்லை.

அதற்கப்புறம் தினமும் சாப்பாட்டு நேரம் என் பின்னறையில்தான். பல்லுக்குக் கிளிப் போடும் கம்பியை நறுக்கி முன்பக்கச் சட்டத்துக்கு நட்டேன். மாத்திரை அட்டையின் குமிழை வெட்டி விளக்குக்குக் கண்ணாடியாக வைத்தாள். மிளகு அளவு இருந்த மீட்டரில் அவள் முள்ளும் எண்ணும் வரைந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவள் மூச்சு விட்டபிறகுதான் நானும் விட்டேன். கோம்பையில் என் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். கால் தரையில் பாவவில்லை. ஒரு தடவை அந்தக் கிறக்கத்தில் கீழ்வரிசைப் பற்களை மேல்செட்டில் அடுக்கி, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த மாதங்களில் வந்த ஒரு வேலையைச் சொல்லியாக வேண்டும். மேல்வரிசையில் ஆறு பல். ஆள் யாரென்று தெரியாது, வழக்கம்போல வாய் மட்டும்தான் வந்தது. வார்ப்பில் கீழே ஒரு முன்பல்லின் நுனியில் பொழி விழுந்து சின்னப் பள்ளமாகத் தேய்ந்திருந்தது, எதையோ வருடக்கணக்காகக் கடித்துக்கொண்டே இருந்த மாதிரி. கூடவே டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார்: நேர்வரிசையாக வைத்தால் கட்டின பல் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமாம், இடதுபக்கம் ஒரு பல்லைக் கொஞ்சம் கோணலாகத் திருப்பி வைக்கச் சொல்கிறார், வீட்டுக்குக்கூடத் தெரியாதாம். நான் ரசித்துச் செய்தேன். பற்களைக் கோணலாக வைப்பது நேராக வைப்பதைவிடக் கஷ்டம்.

கல்யாணப் பேச்சை அவள்தான் அவள் வீட்டில் ஆரம்பித்தாள். எனக்கு அந்தத் தைரியம் வர இன்னும் நாலு கார் ஆகியிருக்கும். சாதியெல்லாம் ஒன்றுதான், சிக்கல் அதில் இல்லை. அவளுடைய அப்பாவுக்கு என் தொழில் பிடிக்கவில்லை.

"பல்லுக் கட்டுறவனுக்கா? ஊரான் எச்சியில கைய விடுறவனுக்கா?" என்று கேட்டாராம். அதை அவள் என்னிடம் வந்து அப்படியே சொன்னாள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது என்றும் சொன்னாள். அழவில்லை. பிரஷ்ஷை மட்டும் தின்னரில் கழுவிக்கொண்டே இருந்தாள்.

மூன்று வாரம் கழித்து அவர் ஒரு படி இறங்கி வந்தார். அதற்கும் அவர் தொழில்தான் காரணம். ஏலத்தில் ஒவ்வொரு லாட்டுக்கும் முன்னால் ஆளுக்குக் கொஞ்சம் காய் சாம்பிளாகக் கொடுப்பார்கள். அவர் அதை உள்ளங்கையில் உருட்டி, ஒரு காயைக் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பிளந்து பார்த்து, மோந்து, ஒன்றைக் கடித்துத் துப்பி, மிச்சத்தைத் தரையில் போடுவார். பிறகுதான் விலை சொல்வார். அதற்கென்றே அந்த ஒரு நகத்தை வளர்த்து வைத்திருந்தார். வீட்டில் புதுச் சட்டைத்துணி வந்தாலும் அந்த நகத்தால் ஒரு கீறு கீறிவிட்டுத்தான் வைப்பாராம்.

"சாம்பிள் பாக்காம நான் எதையும் வேணாம்னும் சொன்னதில்ல, சரின்னும் சொன்னதில்ல. அந்தப் பையன் கையால செஞ்சது எதாச்சும் எடுத்துட்டு வரச் சொல்லு. பல்லு வேணாம்."

ஆக, அந்த மூன்றாவது கார்தான் என் சாம்பிள். ஞாயிற்றுக்கிழமை என் அம்மாவோடு போடிக்குப் போக வேண்டும். கூட்டி ஒட்டி முடித்து, கடைசிக் கறுப்புப் பூச்சு மட்டும் பாக்கி. புதன்கிழமை அவள் அதை அடித்தாள். அன்றைக்கென்று பார்த்துச் சாரல் பிடித்துக்கொண்டது. வியாழக்கிழமை தொட்டுப் பார்த்தால் பெயின்ட் இன்னும் பிசுபிசுத்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அவள் காரை வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

அவர்கள் வீட்டின் பின்னால் ஈரம் ஏறிய ஏலக்காயை மறுபடி உலர்த்த ஒரு அறை உண்டு. ஸ்டோர் என்பார்கள். தரையோடு சூட்டுக்குழாய் ஓடும், மேலே வலைத்தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஏலக்காய்க்காரர் வீட்டில் எது காயவில்லையென்றாலும் ஸ்டோரில்தான் போடுவார்கள். மழைக்காலத்தில் பள்ளிக்கூடச் சீருடை, நமுத்த தீப்பெட்டி, நனைந்த ரேஷன் கார்டு எல்லாமே அங்கேதான் போகும். அந்தப் பழக்கத்தில் அவளும் யோசிக்காமல் காரை அடித்தட்டில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் டிபன் டப்பாவோடு வந்தாள். மூடியைத் திறக்காமல் என் மேசையில் வைத்தாள். நான் திறந்தேன். கூரை உருகி இருக்கைமேல் படுத்திருந்தது. இடதுபக்கம் முழுக்கச் சரிந்திருந்தது. சூட்டுக்குழாய்ப் பக்கம் இருந்த மூலையில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஆறின ஆப்பத்தைத் தட்டில் எடுத்து வைத்த மாதிரி இருந்தது. காரிலிருந்து ஏலக்காய் வாசனை வேறு கமகமவென்று வந்தது.

"நானே கெடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். நான் காரை மோந்து பார்த்து, முதல்தரக் காய் என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே மறுபடி அழுதாள். எனக்கும் இரண்டும் சேர்ந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டே நாள்தான் இருந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பிறகு ஓடியது. இரண்டாவது காரின் கூரையும் ஏறத்தாழ அதே வளைவுதான். அதன் மேற்புறத்தை அச்செடுத்துப் பிளாஸ்டரில் ஒரு கட்டை வார்த்தேன். சரிந்த கூரையை வெந்நீரில் முக்கி இளக்கி, அந்தக் கட்டைமேல் போட்டு அமுக்கிப் பிடித்தோம். நாலு கையும் வெந்தது. மூன்றாவது முறை கூரை நிமிர்ந்தது. ஓட்டையை அடைக்கப் பார்த்தால் பல் நிற மாவு தீர்ந்துபோயிருந்தது, மதுரையிலிருந்து வரவேண்டும். ஈறு மாவுதான் இருந்தது. அதைக் குழைத்து அடைத்தேன், கல்லாகப் பிடித்துக்கொண்டது. தேய்த்து மட்டமாக்கி, அவள் மேலே கறுப்பு அடித்தாள். இந்தத் தடவை வெறும் மேசை ஃபேன்தான். எல்லாம் முடிந்து தூக்கிப் பார்த்தபோது இடதுபக்கம் மட்டும் ஒரு நூல் இறங்கியிருந்தது. அதற்குமேல் வரவில்லை. இது ஒண்ணு போதும் அவருக்கு என்று அவள் சோர்ந்துபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை காரை மிட்டாய்க்கடை அட்டைப்பெட்டியில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு பஸ்ஸில் போனேன். எதுக்கும் இருக்கட்டும், ஒரு பல்செட்டும் எடுத்துக்கோ என்றாள் அம்மா. கெஞ்சிக் கூத்தாடி அதை மட்டும் தடுத்தேன்.

அவளுடைய அப்பா ஆள் நல்ல உயரம். உதட்டை அதிகம் பிரிக்காமல் பேசினார். எந்த ஊர் என்று கேட்டார், கோம்பை என்றேன்.

"கோம்பையில நாயி நல்லாருக்கும்" என்றார். எங்கள் ஊர் வேட்டைநாய்க்குப் பேர்போனதுதான். ஆளைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

அம்மாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. மகனை விட்டுக்கொடுக்காமல், "எம்மகன் கட்டுன பல்லப் போட்டுக்கிட்டுத்தான் எத்தனையோ பெரிய மனுசக நாலு பேரு முன்னால தலநிமிந்து பேசுறாக" என்று சொன்னாள். அவர் சட்டென்று தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தார். பிறகு, பழக்கதோஷத்தில், முன்னால் தட்டில் இருந்த ஏலக்காயில் ஒன்றை எடுத்து வாயில் வைத்துக் கடித்தார். உதடு பிரிந்தது. கீழே ஒரு முன்பல்லின் நுனியில் பொழி. மேலே இடதுபக்கம் ஒரு பல் லேசாகத் திரும்பியிருந்தது. அதைத் திருப்பி வைத்தவன் நான்.

சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. அதை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஊரான் எச்சி என்று சொன்னவருடைய எச்சிலில் நான் போன மாதமே கையை விட்டாயிற்று.

அவர் பெட்டியைத் திறந்து காரை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் வைத்து உருட்டினார். சக்கரம் நாலும் ஓடின. கதவுக்குள் ஒரு கண்ணால் பார்த்தார், மீட்டரைப் பார்த்திருக்க வேண்டும்.

"பாதி எம்மக செஞ்சிருப்பா. மீதிப் பாதியப் பாக்குறேன்." திருப்பிப் பார்த்துவிட்டு, "எடதுபக்கம் எறங்கியிருக்கே" என்றார். கதவோரம் நின்றிருந்த அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடியிருந்ததால் அடுத்து நடந்ததை அவள் பார்க்கவில்லை. அவருடைய கட்டைவிரல் நகம் தானாகவே கூரையில் இறங்கி, இடதுமூலையில் ஒரு கீறு கீறியது. கறுப்புப் பெயின்ட் சுருண்டு வந்தது. அடியில் ரோஸ் பளிச்சென்று தெரிந்தது.

அவர் அந்த இடத்தையே பார்த்தார். நாள் தவறாமல் டம்ளர் தண்ணீரில் போட்டுவைக்கிற நிறம் அவருக்குத் தெரியாதா? மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பெரிய ஏலக்காய் வியாபாரி ஒருவர் என்னைப் பார்த்துப் பயந்ததை அன்றைக்குத்தான் கண்டேன். அந்தச் சந்தோஷம் இரண்டு நொடிகூட நிற்கவில்லை, பாவமாகிவிட்டது.

அம்மா எட்டிப் பார்த்து, "அதென்னடா அங்கன ரோஸா இருக்கு?" என்று கேட்டாள். அவளுக்கு அந்த மாவு தெரியும், நான் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியிருக்கிறேன். ஞாபகம் வருவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அது ஒரு மாதிரி அரக்கும்மா. இந்தக் காருக்குன்னே வர்றது. வேற எதுக்கும் ஆகாது."

அவர் கண் என்மேலேயே இருந்தது. வாயை நன்றாக மூடிக்கொண்டு மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டார். காரைப் பெட்டியில் வைக்காமல் அலமாரியில் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சாம்பிள் நல்லாருக்கு" என்றார். "எப்ப வச்சுக்கலாம்னு நீங்களே சொல்லுங்க."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் தேதி சொன்னாள். கதவோரம் நின்றவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் அசடு வழியச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு கல்யாணப் படங்களிலும் அப்படியே விழுந்திருக்கிறது. அவளே உட்கார்ந்து டச்சிங் செய்தும் போகவில்லை.

கல்யாணம் முடிந்த அடுத்த வருடம் ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழியாக மாமனார் வந்தார். நாங்கள் இருவரும் பெரியகுளத்தில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்த நான்காவது காரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மகளைப் பார்த்ததும் தயங்கினார். பிறகு சட்டைப்பையிலிருந்து மடித்த கைக்குட்டையை எடுத்து என் கையில் திணித்தார். கையால் வாயை மறைத்துக்கொண்டே பேசினார்.

"மாப்ளே, நம்ம காருல ஒரு பார்ட்டு ஒடஞ்சுபோச்சு. கொஞ்சம் பாருங்க."

பிரித்துப் பார்த்தேன். ஆறு பல், நடுவே கீறல். அவள் தலையை நிமிர்த்தாமல் கதவுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள், தோள் மட்டும் குலுங்கியது. டம்ளர் சமாசாரம் அந்த வீட்டில் சமையல்காரம்மா வரை எல்லோருக்கும் முதல் நாளிலிருந்தே தெரியுமாம். ஊருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்று எண்ணி அந்த வீட்டில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. இதை அவள் எனக்குச் சொன்னது முதலிரவில். அதற்கப்புறம் நாங்கள் வெகுநேரம் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

கீறலில் மாவைக் குழைத்து வைத்துவிட்டு, இது இறுகட்டும், கையோடு அந்தக் கோணல் பல்லையும் நேராக்கிவிடட்டுமா, இப்போதெல்லாம் நேராக வைத்தால்தான் அழகு என்று கேட்டேன்.

"வேணாம் மாப்ளே" என்றார். "கொஞ்சம் கோணலா இருந்தாத்தான் சொந்தப் பல்லுன்னு நம்புவாக. அன்னைக்கு உங்க காரு எடதுபக்கம் எறங்காம நேரா இருந்திருந்தா, கடையில வாங்கிட்டு வந்து ஏமாத்துறீகன்னு திருப்பி அனுப்பியிருப்பேன்."